தீப்பிடித்தால் மட்டும் திறக்கும் கதவு

லிஃப்டுகளுக்குப் புரோகிராம் எழுதுகிற கம்பெனி அது. ஜன்னலோரம் மாப்பிள்ளையின் மேசை. எதிர் மேசையில் அவருடைய மனைவியின் அண்ணன். இருவரும் ஆபீஸிலும் மாப்பிள்ளை, மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டதால், மற்றவர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் புரோகிராமில் ஒரு வரி மேல்வரிக்குக் கட்டுப்பட்டது என்று காட்ட அதை உள்ளே தள்ளி எழுத வேண்டுமென்றால், மாப்பிள்ளை டேப் பட்டனை ஒரு தட்டுத் தட்டுவார். மச்சான் ஸ்பேஸ் பட்டனை நாலு தட்டுத் தட்டுவார். புரோகிராம் அடிக்க ஆளுக்கொரு எடிட்டர் மென்பொருள் வேறு. சேவ் செய்தால் போதும், ஃபைல் முழுவதையும் தன் எஜமானர் இஷ்டத்துக்கு மாற்றிவைக்கிற விசுவாசமான எடிட்டர்கள். காலையில் மச்சான் எல்லாவற்றையும் ஸ்பேஸ் ஆக்குவார். மதியம் மாப்பிள்ளை அத்தனையையும் டேப் ஆக்குவார். இதைப் பற்றி இருவரும் வாய் திறந்ததே இல்லை. சொந்தத்துக்குள் எதற்கு மனஸ்தாபம்?

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். வந்த கையோடு, யார் எத்தனை வரி மாற்றினார்கள் என்று காட்டும் பெரிய டிவியைச் சுவரில் மாட்டினார். மச்சானும் மாப்பிள்ளையும் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோகும் கோளாறை, மண்டையை உடைத்துக்கொண்டு ஒரே வரியில் சரிசெய்த பக்கத்து சீட்டுப் பெண் கடைசியில் கிடந்தாள்.

"இவங்களப் பாத்துக் கத்துக்கோங்க!" என்றார் மேனேஜர்.

மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் கூசியது. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். அதற்குள் மச்சான் எழுந்து நின்று நன்றி சொல்லிவிட்டார். அதற்கப்புறம் என்னத்தைச் சொல்வது? இருவருக்கும் சாய்கிற நாற்காலி வந்தது. பிறகு உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் ஆட்கள் டேப் போட்டார்கள், மச்சானின் ஆட்கள் ஸ்பேஸ் போட்டார்கள், டிவி திணறியது.

ஒருநாள் மதியம், முதலாளியிடம் காட்டிப் பெருமைப்பட மேனேஜர் இருவரையும் மேல்மாடிக்குக் கூட்டிப் போனார். அந்தக் கட்டட லிஃப்டும் அவர்கள் புரோகிராமில்தான் ஓடியது. மேலே போய் நின்றது. கதவு திறக்கவில்லை. கீழே வந்தது. அங்கேயும் திறக்கவில்லை.

மாப்பிள்ளை பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டார். அவள் ஃபைலைத் திறந்து பார்த்தாள்.

"சார், 'கதவைத் திற'ங்கிற வரி ஒரு படி உள்ள போயிடுச்சு. 'தீப்பிடித்தால்'ங்கிற வரிக்குக் கீழ மாட்டிக்கிச்சு. இனிமே தீப்பிடிச்சாத்தான் திறக்கும்."

"எப்படிம்மா உள்ள போகும்?" என்று கத்தினார் மேனேஜர்.

"டேப்பும் ஸ்பேஸும் கலந்துபோச்சு சார்."

மேனேஜர் மெதுவாகத் திரும்பினார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் இத்தனை நாளா மாத்தினது?"

மச்சான் கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் சொன்னார்: "காலி இடம் சார்."

மேனேஜர் போனைப் பிடுங்கி, "தீ வைம்மா!" என்றார்.

அவள் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் புகை பட்டால் அலறும் தீ எச்சரிக்கை மணிக்கு அடியில் பிடித்தாள். கதவு திறந்தது. கூடவே கூரையில் இருந்த தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களும் திறந்துகொள்ள, மூவரும் தொப்பலாக நனைந்து வெளியே வந்தார்கள்.

"இதுக்கு ஒரு முடிவு கட்டாம யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது," என்றார் மேனேஜர்.

பஞ்சாயத்துக்கு மாப்பிள்ளையின் மனைவியைப் போனில் பிடித்தார்கள். அவள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர்.

"எல்லா எடிட்டரும் படிக்கிற மாதிரி பொதுவா ஒரு செட்டிங் ஃபைல் போடுங்க. அதுல இருக்கிறபடிதான் எல்லா எடிட்டரும் நடக்கும்."

"சரிம்மா. அதுல டேப்புன்னுதானே போடணும்?" என்றார் மாப்பிள்ளை.

"நாலு ஸ்பேஸ்னு சொல்லும்மா," என்றார் மச்சான்.

"அண்ணா, உங்களுக்கும் வேணாம், அவருக்கும் வேணாம். மூணு ஸ்பேஸ்." போனை வைத்துவிட்டாள். மேனேஜர் தன் கையாலேயே மூன்று என்று அடித்து சேவ் செய்தார்.

சாயங்காலம் ஈரச் சட்டையோடு இருவரும் படியிறங்கினார்கள்.

"மூணு ஸ்பேஸ் வைக்கிறவன் மனுஷனா மாப்பிள்ளை?"

"அதானே மச்சான்! வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டா!"

கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருவரும் ஒரே கட்சி. தெருமுனை வரை திட்டிக்கொண்டே போனார்கள்.