மூன்றாவது குரல்

பூந்தமல்லி தேவாலயத்தில் வெள்ளைக்காரத் துரை ஆர்கன் வாசிக்கும்போது அதற்குக் காற்று கொடுக்கும் துருத்தியை அமுக்குவது வேம்புலியின் வேலை. உள்ளே தாங்கள் இருவர் மட்டும்தான் என்பான். பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சரும் அங்கே வாசிக்கப் போகிறாளோ, அதை அவன் மறைக்கிறானோ என்று அவன் மனைவி ராஜம்மாவுக்குச் சந்தேகம்.

ஒருநாள் சுவரோரம் நின்று கேட்டாள். முதலில் வாசிப்பு இஷ்டம்போல் ஓடி விளையாடி ஓய்ந்தது. பிறகு ஒரு சின்ன மெட்டு தனியாக எழுந்தது. அதையே மேலே இன்னொரு குரல் பிடித்துக்கொண்டது. அப்புறம் அடியிலிருந்து மூன்றாவது குரல். இருவர் இருக்கும் இடத்தில் மூன்று குரலா? டீச்சரேதான்! உள்ளே பாய்ந்தாள்.

துரை ஒருவரே இரண்டு கைகளாலும் கால்களாலும் வாசித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, ஆளு எண்ண வந்துகினியா?" துருத்தியை அமுக்கியபடி வேம்புலி சிரித்தான்.

வெட்கத்தோடு வெளியே வந்தாள். நிம்மதி மட்டும் வரவில்லை. ஒரே ஆளிடம் மூன்று குரல் இருக்குமென்றால், வீட்டில் தன்னிடம் பேசுவது வேம்புலியின் எந்தக் குரல்?