கல்யாணக் காரின் இருமல்

மாத்தளையில் போன் கடை வைத்திருக்கும் றினோஸ், போன வருடம் ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் வாங்கினான். அதைக் கண்ட அன்றே அவனுடைய சகோதரியின் மகள் ஷஸ்னா முடிவு செய்துவிட்டாள்.

"மாமா, என்ட கல்யாணத்துக்கு நான் இதுலதான் மண்டபத்துக்குப் போவன்."

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை பின்னேரம் றினோஸும் மனைவி நஸ்மியாவும் காரில் டவுனுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் வீடும் ஷஸ்னாவின் வீடும் அலுவிகாரையில், பெரிய ரோட்டிலிருந்து கீழிறங்கும் ஒரே ஒழுங்கையில் இருந்தன. மாத்தளைப் பக்கம் போக, மேட்டில் ஏறி ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். இடப்பக்கம் தம்புள்ளையிலிருந்து ஒரு மரக்கறி லொறி வந்துகொண்டிருந்தது. தூரம் போதும் என்று நினைத்து றினோஸ் எக்ஸிலேட்டரை மிதித்தான்.

கார் முன்னே பாய்ந்தது. நடு ரோட்டில் ஒருமுறை இருமி, இழுவை இல்லாமல் அப்படியே தொய்ந்தது. அவன் இன்னும் மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. லொறியின் ஹோன் காதைப் பிளந்தது. நஸ்மியா இருந்த பக்கத்துக் கண்ணாடி முழுக்க லொறியின் முகம்.

"யா அல்லாஹ்!"

சட்டென்று என்ஜினுக்கு உயிர் வந்து கார் பாய்ந்தது. லொறி பின்னால் உரசாத குறையாகக் கடந்துபோனது. அதன் காற்றில் கார் ஆடியது.

றினோஸ் காரை ரோட்டோரம் நிறுத்தினான். நஸ்மியா அவன் பக்கம் திரும்பினாள்.

"இதுலயா பொண்ண ஏத்தப் போறீங்க?"

"திருத்திருவன்."

"திருந்தாட்டி?"

"திருந்தாட்டி நானே போய் வேற கார் புடிக்கச் சொல்றன். அதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்ல வேணாம்."

அன்றிரவு கண்ணை மூடினால் றினோஸுக்கு அந்தக் கண்ணாடிதான் தெரிந்தது. நஸ்மியா உட்கார்ந்த இடத்தில் மணப்பெண் உடுப்போடு ஷஸ்னா இருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் பொனட்டைத் திறந்தான். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். பெற்றோல் குறைவாகப் போகிறதோ என்று, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் அடியிலிருந்த நட்டைக் கொஞ்சம் திருப்பிக் கூட்டினான். கரும்புகை வந்தது. மிதித்தால் அதே இருமல். நட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். மெதுவாக மிதித்தால் குறையே இல்லை. திடீரென்று மிதித்தால்தான் தொய்ந்தது. தேவைப்படும் நேரம் பார்த்துக் கைவிடும் குணம் அது.

சனிக்கிழமை காலையில் காபரேட்டரின் தலையிலிருந்த சிறிய மூடியைத் திருகி எடுத்தான். அதோடு ஒரு மெல்லிய கம்பி வந்தது. எண்ணெயில் ஊறியிருக்க வேண்டிய கம்பி காய்ந்துபோயிருந்தது. உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனை அந்த எண்ணெய்தான் நிதானமாக ஏறவிடும். எண்ணெய் இல்லாவிட்டால் மிதித்ததும் அது துள்ளி ஏறிவிடும். காற்று கூடுதலாக உள்ளே பாயும், பெற்றோல் பின்தங்கிவிடும்; அதுதான் அந்த இருமல். கார் வாங்கியதிலிருந்து ஒருநாளும் அவன் அதைத் திறந்து பார்த்ததில்லை.

பிஸ்டனைக் கழற்றிக் கழுவி, திரும்பப் பொருத்தி எண்ணெய் ஊற்றினான். முற்றத்தில் நின்றபடி மிதித்துப் பார்த்தான். இருமல் இல்லை. ஆனால் நிற்கிற கார் பொய் சொல்லும். பாரம் இழுத்து மேடு ஏறும்போதுதான் உண்மை தெரியும்.

சாவியோடு அவன் வெளிக்கிட்டபோது நஸ்மியா வந்து முன்சீட்டில் ஏறினாள்.

"இறங்குங்க. நான் தனியப் போய்ட்டு வாறன்."

"நாளைக்குப் புள்ள தனியவா வரும்? ஓட்டுங்க."

ஆளில்லாத ஒழுங்கை மேட்டில் மூன்று நான்கு தரம் நிறுத்தி நிறுத்தி மிதித்தான். ஒவ்வொரு தரமும் கார் தயங்காமல் இழுத்தது. பிறகு பெரிய ரோட்டு வாய்க்கு வந்தான். இரண்டு பக்கமும் வெறிச்சென்றிருந்தும் அவன் கால் அசையவில்லை.

"பிஸ்மில்லா சொல்லுங்க," என்றாள் நஸ்மியா.

மிதித்தான். கார் ஒரே இழுப்பில் மறுபக்கம் போய்விட்டது. நஸ்மியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும், "இன்னொருக்கா," என்றாள். அன்று அந்த இடத்தை எத்தனை தரம் கடந்தார்கள் என்று இரண்டு பேருக்கும் கணக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷஸ்னாவும் அவள் உம்மாவும் பின்சீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். ரோட்டு வாயில் கார் நின்றது. இடப்பக்கம் தூரத்தில் ஒரு பஸ். கடக்கலாம், தாராளமாகக் கடக்கலாம். றினோஸ் மிதிக்கவில்லை. பின்னால் நின்ற வான்காரர் ஹோன் அடித்தார்.

"போங்க மாமா, நேரமாகுது."

"இரிங்க மகள்."

பஸ் போனது. அதன் பின்னால் ஒரு திறீவீல், ஒரு மோட்டர் சைக்கிள். வான்காரர் மறுபடி அடித்தார். ஷெர்வானிக் கொலருக்குள் றினோஸுக்கு வியர்வை வழிந்தது. நஸ்மியா இடப்பக்கம் எட்டிப் பார்த்து, "இப்ப ஒன்டுமில்ல," என்றாள்.

கார் ஓர் இருமலும் இல்லாமல் ரோட்டைக் கடந்து மாத்தளைப் பக்கம் திரும்பியது. ஷஸ்னா பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். றினோஸின் விரல்கள் ஸ்டியரிங்கை விட்டுக் கொஞ்சம் தளர்வதற்குள் டவுன் வந்துவிட்டது.