மெழுகு போட்ட விளிம்பு

படகு கரையை விட்டு அப்படியொன்றும் தூரம் வந்துவிடவில்லை. அதற்குள் ரூலீன் இரண்டாவது தடவையாக வழுக்கிவிட்டாள். கடலில் விழவில்லை, அந்த மட்டுக்கும் பிழைத்தாள். பாய்மர உச்சியிலிருந்து தொங்கும் கம்பியில் அவளுடைய இடுப்புப் பட்டை மாட்டியிருந்தது. கால் நழுவியதும் அந்தக் கம்பி அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் முன்பாயில் அறைந்தது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தவழ்ந்து திரும்பி வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றான் ஏவர்ட், சுக்கானை விடாமல்.

"என்ன ஆச்சா? ஏம்பா, நான் கால் வைக்கிற இடத்துல என்னத்தைப் பூசி வெச்சிருக்க?"

ஏவர்ட் தூரத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தான். தப்பு செய்தால் இந்த மனிதன் இப்படித்தான் எதையாவது பார்ப்பான். கல்யாணமான நாளாக அவள் பார்த்துவரும் கூத்து இது.

"கொஞ்சூண்டு மெழுகு போட்டேன்" என்றான் கடைசியில்.

"எங்க?"

"எல்லா இடத்துலயும்."

கேட்டமரான் என்று பெயர்தான் பெரிசு. அதில் கட்டும் கிடையாது, மரமும் கிடையாது. நீளமான இரண்டு ஃபைபர் ஓடங்கள், நடுவில் இழுத்துக் கட்டிய ஒரு வலை, மேலே ஆளை விழுங்குகிற பாய், அவ்வளவுதான். காற்று அடித்தால் ஒரு பக்கத்து ஓடம் தண்ணீரை விட்டு எழும்பும். அதன் விளிம்பில் இரண்டு பாதங்களையும் ஊன்றி, உடம்பைக் கடலுக்கு மேலே மல்லாக்கச் சாய்த்து, படகு கவிழாமல் பிடித்து நிறுத்துவதுதான் ரூலீனின் வேலை. கையில் பெரிய பாயின் கயிறு வேறு இருக்கும். பாதம் பிடிக்க வேண்டும், கை பிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்று நழுவினாலும் கதை கந்தல். இது டெசல் தீவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏவர்ட்டுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

தீவைச் சுற்றிவரும் ஜூன் மாதப் பந்தயத்தை ரூலீன் இதுவரை ஒருமுறைகூட முடித்ததில்லை. எல்லாம் இவன் கைங்கரியம். ஒரு வருஷம் ஓடத்தின் அடைப்பானை மாட்ட மறந்தான், பாதி வழியில் படகு தண்ணீர் குடித்தது. அடுத்த வருஷம் எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று மெல்லிசான ஆணி போட்டான், சுக்கான் கழன்று போயிற்று. அதற்கு அடுத்த வருஷத்தை நினைத்தாலே அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். போன மாதம் பக்கத்துப் படகுக் கொட்டகை டௌவே, தன்னோடு வருகிறவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் இந்த வருஷம் கலந்துகொள்ளவில்லை என்றும், அடுத்த வருஷம் நீ என்னோடு வருகிறாயா என்றும் அவளைக் கேட்டான். ரூலீன் அதை மறைக்கவில்லை, புருஷனிடம் நேராகவே சொன்னாள்: "இந்தத் தடவையும் பந்தய நேரம் முடிஞ்சு கொடி இறங்குறதுக்குள்ள கரை சேரலைன்னா, அடுத்த வருஷம் நான் டௌவே படகுல. சொல்லிட்டேன்."

ஏவர்ட் அன்றைக்கும் எதையோதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது மேற்குக் காற்று முறுக்கிக்கொண்டு வந்தது. "வெளிய போ, வெளிய போ!" என்று கத்தினான். பாதம் நிற்காத இடத்தில் எங்கே போவது? ஒரு காலை வைத்தால் மறு கால் போனது. சரி, கயிற்றையாவது கெட்டியாகப் பிடிப்போம் என்று இழுத்தாள். கயிறு விலாங்கு மாதிரி கையுறைக்குள் நழுவி ஓடியது.

"கயித்துக்கும் மெழுகா?"

"கயித்துக்கு இல்ல. கப்பிக்கு மட்டும் ஸ்ப்ரே அடிச்சேன், நல்லா உருளட்டும்னு. அது கயித்துலயும் கொஞ்சம்..."

"கடவுளே!" என்றாள் ரூலீன். மற்ற படகுகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு பாட்டம் அழுதால் தேவலை போலிருந்தது. அதற்கும் ஒரு கை வேண்டுமே.

வடக்கு முனையில் சிவப்புக் கலங்கரை விளக்கத்தைச் சுற்றித் திரும்பியதும், காற்று மறைவில் அமைதியான மணல்கரை ஒன்று வந்தது.

"கரைக்கு விடு" என்றாள்.

"பந்தயத்துல இருக்கோம், ரூல்!"

"எனக்குத் தெரியாதா? கரைக்கு விடுறியா, இங்கயே குதிக்கட்டுமா?"

விட்டான். ரூலீன் கம்பியைக் கழற்றினாள், அலையோரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஓடத்தைக் காட்டினாள். "ஏறு. நான் நிக்கிற இடத்துல நீ நின்னு காட்டு."

"எதுக்கு இப்ப..."

"நில்லுய்யா!"

ஏவர்ட் ஏறினான். விளிம்பில் பாதத்தை வைத்து நிமிர்ந்து, பாரேன் என்கிற மாதிரி கையை விரித்தான். விரித்த கை விரித்தபடியே இருக்க, கால் இரண்டும் ஒரேயடியாகப் போய்விட்டன. பின்புறம் ஓடத்தில் மோத, தாடை தட்ட, தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டான். ரூலீனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவ்வளவு கோபம்.

ஏவர்ட் எழுந்திருக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ டௌவே கூடப் போயிடுவேன்னு சொன்னியா... வேகமா போனாத்தான் நேரத்துக்குள்ள முடியும்னு நெனைச்சேன். வாரம் பூரா உக்காந்து தேய்ச்சேன். உன் கால் நிக்கிற இடமாச்சேன்னு அங்க மட்டும் ரெண்டு தடவை."

திட்டவும் முடியாமல் தட்டிக்கொடுக்கவும் முடியாமல் இப்படி ஒரு ஆளை ரூலீன் தலையில் எழுதியது யார் என்று தெரிந்தால் அவனை நாலு கேட்கலாம்.

"இவ்வளவு பாசத்தை வேற எங்கயாவது பூசக் கூடாதா நீ?" என்றாள். குனிந்து ஈர மணலை இரண்டு கையாலும் அள்ளி, கண்ணாடி மாதிரி மின்னிய விளிம்பில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். கரகரவென்று கீறல் விழுந்தது. ஏவர்ட்டுக்குத் தன் தோலையே உரிக்கிற மாதிரி இருந்திருக்கும், முகம் அப்படிப் போயிற்று. ஆனால் எழுந்து வந்தான். தானும் மணலை அள்ளினான். அவள் தேய்த்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் பலமாகத் தேய்த்தான். ஒரு ஓடம் முடிந்து மறு ஓடத்துக்கும் போனார்கள். கயிற்றையும் உருவி மணலில் போட்டுப் புரட்டி, அலசி, மறுபடி மணலில் புரட்டினார்கள். கடைசிப் படகு ஒன்று அவர்களைத் தாண்டியபோது அதிலிருந்தவன், "என்ன, பாத்திரம் தேய்க்கிறீங்களா?" என்று கூவினான்.

"ஆமா, உன்னுதையும் கொண்டா!" என்று கத்தினாள் ரூலீன்.

திரும்பக் கடலில் இறங்கியதும், கம்பியை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தாள். பாதம் அட்டை போல் ஒட்டிக்கொண்டது. கயிறு சொரசொரவென்று கைக்குள் நின்றது. "இழு!" என்றான் ஏவர்ட், இழுத்தாள். "விடு!" என்றான், விட்டாள். பாத்திரம் தேய்க்கிறீர்களா என்று கேட்டவனைக் கிழக்குக் கரைத் துறைமுகத்தருகே பின்னால் தள்ளினார்கள். தெற்கு ஜலசந்தியில் நீரோட்டம் பிடித்து இழுத்தது, பயணிகள் கப்பல் ஒன்று குறுக்கே வந்து ஊதித் தொலைத்தது, அலை அவள் முகத்தில் அறைந்தது. கால் அசையவில்லை. மேற்குக் கரையில் கொடிக்கம்பத்தருகே ஒருவன் கொடியின் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். அவன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே படகு கோட்டைக் கடந்தது. ரூலீன் அலறிய அலறலில் அவன் முடிச்சை விட்டுவிட்டான்.

கரையில் டௌவே காத்திருந்தான். கையில் வெங்காயம் தூவிய ஹெர்ரிங் மீன், வாயெல்லாம் பல்.

"முடிச்சுட்டியே, ரூலீன்! சபாஷ்! இருந்தாலும் அடுத்த வருஷம் எங்கூட வந்து பாரு. இன்னைக்கு எனக்குப் பந்தயம் இல்லையா, சும்மா இருப்பானேன்னு படகைத் தயார் பண்ணிட்டேன். காலைல உங்க படகு மின்னுச்சே, ஆசையா இருந்துச்சு. ஏவர்ட் வாங்குன அதே மெழுகு. மேல, கீழ, விளிம்பு, ஒரு இடம் விடல. உன் கால் நிக்கிற இடத்துல மட்டும் மூணு தடவை!"

ரூலீன் டௌவேயைப் பார்த்தாள். பிறகு தன் புருஷனைப் பார்த்தாள். தாடையில் வீக்கம், நகக்கண்ணெல்லாம் மணல். இந்தத் தடவை அவன் எங்கேயும் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்க, டௌவே" என்றாள். "ஒருத்தனுக்குப் புரியவைக்கவே எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு. இன்னொருத்தனை முதல்லேருந்து ஆரம்பிக்க என் உடம்புல தெம்பில்ல."

டௌவேக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். ஏவர்ட் குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தான். சிரிப்பில் அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. சுருட்டி முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்:

"அப்ப அடிப்பக்கம் மட்டும் மெழுகு போடலாம்ல?"

ரூலீன் ஈரக் கையுறையைக் கழற்றி அவன் முகத்தில் எறிந்தாள்.