முயலின் துடிப்பு

1944 பிப்ரவரி 11 அன்று துறைமுகச் சாலை மருந்துக் கிடங்கு குண்டுவீச்சில் எரிந்தது. முற்றுகையிலிருந்த நகரில் இன்சுலின் தீர்ந்தது.

இறைச்சிக்கூடத்தில் கத்தி பிடிக்கும் ‘காளை’க்கு உறவென்று இருந்தவள் தங்கை ஒருத்திதான். சர்க்கரை நோயாளி. ஊசி நின்றதும் துரும்பாக இளைத்துப் படுத்தாள். மூச்சில் அழுகிய பழ வாடை வீசியது. அவள் கணவன் சோப்பு ஆலையில் ரசாயனம் கலப்பவன்.

“மச்சான், மாட்டோட கணையம் வேணும். அறுத்த சூட்டோட ஐஸ்ல போட்டுக் கொண்டாங்க. அதுலேர்ந்துதான் இந்த மருந்தையே எடுக்கறாங்க.”

மறுநாள் காளை, அறுத்த மாட்டின் வயிற்றைக் கிழித்தான். முழங்கை வரை கையை விட்டுக் கணையத்தை அறுத்தெடுத்து ஐஸ் வாளியில் போட்டான். வாசலில் காவல் சிப்பாய் மறித்தான்.

“கறியை ஒளிச்சு எங்கடா கொண்டுபோற?”

“உங்க வீட்டு நாய்க்குத்தாங்க.”

துப்பாக்கிக் கட்டை வாயில் இறங்கியது. பல்லைத் துப்பினானே தவிர, வாளியை விடவில்லை.

தங்கை வீட்டில் கணையம் சாராயத்திலும் அமிலத்திலும் ஊறி, வடிந்து, கடைசியில் ஒரு சின்னக் குப்பிதான் தேறியது.

“முயல்ல போட்டுப் பாத்துட்டுத்தான் இவளுக்கு,” என்றான் தங்கை கணவன். எதைப் பார்க்க வேண்டுமென்று சொல்லவில்லை.

ஊசி போட்ட முயல் வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு கழுத்தை வளைத்துச் சரிந்தது. கால்களை உதைத்தது, கண் செருகியது. அந்த உதைப்பு காளைக்கு அத்துப்படி. தினமும் அவன் காலடியில் நடக்கிற சாவு.

தங்கை கணவன் சிரித்தான். சிரித்தபடியே குப்பியோடு கட்டில் பக்கம் திரும்பினான்.

“அடப்பாவி! விஷத்தையா குத்தப்போற? தொல்லை விட்டாப் போதும்னு பாக்கறியா?”

“இல்ல மச்சான், அது வந்து...”

ஓங்கி விட்ட குத்தில் தாடை விலகியது. குப்பி தரையில் சிதறியது. விழுந்தவனின் விலாவில் காளை இன்னும் இரண்டு உதை விட்டான்.

“அண்ணே, அவரை அடிக்காதண்ணே,” என்று முனகினாள் தங்கை.

ரத்தம் ஒழுக அவன் தவழ்ந்து போனது முயலிடம். தயாராக வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரை அதற்கு ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் முயல் எழுந்து உட்கார்ந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டது.

“ரத்தத்துல சர்க்கரை இறங்கினா இப்படித்தான் துடிக்கும்,” என்று குழறினான். “மருந்து நல்லா வேலை செஞ்சுது, மச்சான்.”

காளை தரையைத் துணியால் ஒற்றியெடுத்தான். கண்ணாடித் தூளும் ரத்தமும்தான் வந்தன. விடிந்ததும் குண்டுகளுக்கு நடுவே இறைச்சிக்கூடத்துக்கு ஓடினான். கொட்டடி காலி, கடைசி மாட்டை முந்தின நாளே அறுத்திருந்தார்கள்.

மார்ச் 2 அன்று தங்கை இறந்தாள். மருந்துக் கப்பல் ஒன்பதாம் தேதி வந்தது.