லைனில் இரைச்சல்

விடுதி அறையில் தொலைபேசி வயரைச் சொருகிக் கழற்றும் வசதியெல்லாம் கிடையாது. வயர் நேரே சுவருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, தரையில் மண்டியிட்டு, சுவரோரம் இருந்த சின்ன டப்பாவின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பம்பு செட் விற்கக் கிளம்பியவன் நாற்பத்தாறு வயதில் எலி பிடிப்பவனைப் போலக் கட்டிலுக்கடியில் கிடக்கிறேன். தலையெழுத்து, வேறென்ன சொல்ல!

கம்பெனி கொடுத்த மடிக்கணினி கட்டில்மேல் திறந்து கிடந்தது. மடிக்கணினி என்பது பேச்சுக்குத்தான். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். கூடவே சோப்பு டப்பா அளவில் ஒரு மோடம். அன்றன்றைய ஆர்டரை இதை மாட்டித் தொலைபேசி லைன் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், சனிக்கிழமை நேரில் வந்து அறிக்கை கொடுக்க வேண்டியதில்லையாம். யாருக்கு வந்த யோசனையோ, நாசமாய்ப் போக. அந்தச் சனிக்கிழமையை வைத்துத்தான் ஊர் ஊராய் விற்கப் போகும் நாங்கள் நாலு பேரும் வீட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாகிறது. பேச்சு போய்விட்டது, கோபம் போகவில்லை. சவரம் செய்ய என்னைத் தவிர யாரையும் கிட்ட விடமாட்டார். ஒருமுறை என் மனைவி ஆள் கூட்டி வந்தாள். அந்த ஆள் கையிலிருந்த நுரைக் கிண்ணத்தை அப்பா தட்டிவிட்டார். சனிக்கிழமை நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே போதும், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தாடையைத் தூக்கிக் கொடுப்பார். மற்ற நாளெல்லாம் கன்னத்தை வறட் வறட்டென்று தேய்த்துக்கொண்டே இருப்பாராம். அந்தச் சத்தம் தாங்க முடியவில்லை என்பாள் மனைவி. அன்று காலையில்கூட அவளிடம் சொல்லியிருந்தேன். "இந்த மிஷின் எல்லாம் வேலைக்கு ஆகாது. சனிக்கிழமை வந்துடுவேன். அப்பாகிட்ட சொல்லிடு."

மோடத்தோடு வந்த இரண்டு கவ்விகளையும் டப்பாவுக்குள்ளிருந்த வயரில் மாட்டி, மோடத்தை டயல் செய்ய விட்டேன். விடுதியின் உள்லைன் போடும் முனகலும் டயல் டோன்தான் என்று அதற்குப் பிடிபடவில்லை. டயல் டோன் இல்லை என்று திரையில் எழுதிவிட்டு நின்றுகொண்டது. தலைமை அலுவலகத்து மேனேஜரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"உனக்குமா? மத்த மூணு பேரும் இதையேதான் சொல்றாங்க. சரி விடுய்யா. சாயங்காலம்வரைக்கும் பாரு. ஆகலைன்னா தூக்கிக் கடாசிட்டு வழக்கம்போல நேர்ல வந்துடுங்க."

அதோடு விட்டிருக்கலாம். கவ்வியைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கலாம், உடம்பும் அதைத்தான் கேட்டது. ஆனால் கை சும்மா இருக்குமா? சின்ன வயதிலிருந்தே ஓடாத ரேடியோவைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. மோடம் டயல் செய்யாவிட்டால் என்ன, நானே டயல் செய்தால்? அந்தப் பக்கத்து மிஷின் சீட்டி அடித்ததும் மோடத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட வேண்டியதுதானே?

வரவேற்பிலிருந்த அம்மாவிடம் வெளி லைன் கேட்டு வாங்கினேன். டயல் செய்தேன். சீட்டி வந்தது. விசையைத் தட்டினேன். மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, பிறகு அமைதியானது. திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. நான்கு வரி போயிருக்கும், திடீரென்று குப்பை குப்பையாய் ஏதோ வந்து எல்லாம் அறுந்துவிட்டது.

கீழே இறங்கிப் போனேன்.

"நான்தான் சார் எடுத்தேன்," என்றார் அந்த அம்மா. "ரொம்ப நேரமா உங்க லைன் விளக்கு எரியுது, பேச்சு மூச்சே காணோம். காதுல வெச்சா ஒரே இரைச்சல். ஹலோ ஹலோன்னேன். உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

"ஒண்ணும் ஆகலைம்மா. மிஷினும் மிஷினும் பேசிக்குது. கொஞ்ச நேரம் எடுக்காதீங்க, போதும்."

"அதுங்க பேசிக்கட்டும் சார், எனக்கென்ன," என்று சிரித்தார்.

இரண்டாவது முறையாக அங்கேயும் விட்டிருக்கலாம். மாடிப்படி ஏறும்போது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் நாலு வரி போய்விட்டதே! போனது போலவே மிச்சமும் போகுமா என்று பார்க்காமல் எப்படி இருப்பது?

போனது. ஒரு வரிகூடப் பிசகாமல் எல்லாம் போய்ச் சேர்ந்தது. மோடத்தின் சின்ன விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தபோது, யாருமில்லாத அறையில் "அப்படிப் போடு!" என்று கத்தியேவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். "கில்லாடிய்யா நீ! எப்படிப் பண்ணினே? அந்த மூணு பேருக்கும் சொல்லிக் குடுத்துடு. இனிமே சனிக்கிழமை யாரும் அலைய வேண்டாம். அந்த நாள்லயும் நாலு கடை பாத்துடலாம். நீ அப்படியே அடுத்த ஊருக்குப் போயிடு."

"சார், இந்தச் சனிக்கிழமை மட்டும்..."

"அடுத்த மாசம் பாக்கலாம்யா."

கவ்விகளைக் கழற்றினேன். டப்பாவை மூடி ஒவ்வொரு திருகாக மாட்டினேன். வீட்டுக்குப் பேசுவதை எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடியும்? கட்டிலை நகர்த்திவிட்டு, வரவேற்பில் சொல்லி வீட்டு லைன் வாங்கினேன்.

"வரலையா?" என்றாள் மனைவி. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"சனிக்கிழமையும் இங்கதான் வேலையாம்."

"மிஷின் ஓடாதுன்னீங்களே?"

"ஓடிடுச்சு."

"யாரு ஓட வெச்சாங்க?"

"நான்தான்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. "மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது. காலைலேர்ந்து நாற்காலியை ஜன்னல் பக்கம் போடச் சொல்லிக் கையைக் காட்டிக்கிட்டு இருக்கார்," என்றாள். ரிசீவர் கைமாறும் சத்தம் கேட்டது.

"அப்பா," என்றேன். "அப்பா, நான்தான். இந்த வாரம்..."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு ரிசீவரில் பலமாக ஒரு கரகரப்பு. நின்று, மறுபடி ஆரம்பித்தது. வறட், வறட்டென்று, ரிசீவரையே கன்னத்தில் வைத்துத் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

லைனில் இன்னொரு ரிசீவர் எடுக்கும் சத்தம் கேட்டது.

"சார்," என்றார் கீழேயிருந்த அம்மா, தயங்கித் தயங்கி. "பேச்சே காணோம், இரைச்சல்தான் வருது. இதுவும் மிஷின்தானா? கட் பண்ணிடவா?"

"வேண்டாம்மா," என்றேன். "கட் பண்ணிடாதீங்க."

வறட், வறட். என் கை தானாக என் தாடைக்குப் போயிருந்தது.