நூற்றுக்கு இரண்டரை

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகை முடிந்த கையோடு நாச்சியா பால்மா டின் ஒன்றைக் குலுக்கிக்கொண்டு ஆகிலா டீச்சரின் விறாந்தையில் ஏறினாள். உள்ளே இருந்தது காசு. இடியப்பம் விற்ற சில்லறை.

"டீச்சர், நாளையோட அறுவத்தாறாவது கிழம. கடைசிக் கட்டுக்காசு! சரியா இரிக்கா எண்டு ஒருக்காப் பாருங்களன்."

விறாந்தையில் பத்தாம் தரத்துப் பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். நூற்றுவீதப் பாடம். ஆகிலாவுக்கு அன்று நல்ல சந்தோசம். டின்னைக் கவிழ்த்துக் குற்றிகளைப் பிரித்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"நாச்சியா ராத்தாட டின்னுல எண்பது குற்றி. அதில நூற்றுக்கு இருபத்தஞ்சு இருபது ரூபாக் குற்றி. மிச்சமெல்லாம் பத்து ரூபா. மொத்தம் எவ்வளவு?"

இருபது குற்றி நானூறு, அறுபது குற்றி அறுநூறு. "ஆயிரம்!" என்று விறாந்தை அதிரக் கத்தினார்கள். நாச்சியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டு மாதமாக அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டவர்கள் சாய்ந்தமருதில் யாரும் இல்லை.

அந்த எட்டு மாதமும் அவளுடைய புருசன் ஷரிபுதீனின் காலில் புண். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. பெருவிரலில் மீன்முள் குத்தியது ஆறவேயில்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்றால் மனிசன் அசையமாட்டார். "அங்க போய் மௌத்தாகினா? கடனோட மண்ணுக்குப் போகச் சொல்றயா? அறுவத்தாறு முடியட்டும், அடுத்த நாளே வாறன்," என்பார். கடன் அவருடைய தோணிக்கு எஞ்ஜின் வாங்க எடுத்தது. பெண்களுக்குத்தான் கொடுப்போம் என்று கடன் கம்பனி சொன்னதால் நாச்சியா பெயரில் இருந்தது. ஆனாலும் அது தன் கழுத்தில் கிடக்கும் கடன் என்பதுதான் அவருடைய எண்ணம்.

வட்டி ஹராம் என்று தெரியாத ஆட்களா இவர்கள்? நன்றாகத் தெரியும். பழைய எஞ்ஜின் நடுக்கடலில் இரண்டு தரம் நின்றது. கூட்டாளிகளிடம் கைமாற்றுக் கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். கம்பனிக்காரன் வந்து, அது வட்டியில்லை, சேவைக் கட்டணம், நூற்றுக்கு இரண்டரைதான் என்றான். வாய் கூசாமல் சொன்னான், நாசமாய்ப் போவான்.

அன்றைக்கு நாச்சியா ஓடி வந்தது ஆகிலாவிடம். ரமழான் வந்தால் பஸார் கடைக்காரர்கள் பாதிப்பேருக்கு ஸகாத் கணக்குப் பார்த்துக் கொடுப்பவள் ஆகிலா. நூற்றுக்கு இரண்டரை என்பது அவள் கைப்பழக்கம். ஸகாத் ஏழைகளுக்கு வருடத்துக்கு ஒரு தரம் கொடுப்பது. ஆகவே இந்த இரண்டரையும் வருடத்துக்குத்தான் என்று அவள் புத்தி தானாகப் போய்விட்டது. ஒரு இலட்சத்துக்கு வருடம் இரண்டாயிரத்து ஐந்நூறு, கம்பனி சொன்ன இரண்டு வருடத்துக்கு ஐயாயிரம். கம்பனி கேட்டபடி கிழமைக்கு ஆயிரத்து அறுநூறு கட்டினால் அறுபத்தாறாவது கிழமை முடியும், அதிலும் கடைசிக் கிழமை ஆயிரம்தான். "ஸகாத்து அளவுதான் ராத்தா, பயப்படாதீங்க," என்று சொல்லி, ஒரு தாளில் அறுபத்தாறு கோடு கீறியும் கொடுத்தாள். நாச்சியா அதைச் சுவரில் ஒட்டிக் கிழமைக்கு ஒன்றாக வெட்டி வந்தாள்.

"கட்டுக்காசுப் புத்தகத்தையும் கொண்டு வந்தன் டீச்சர். இங்கிலீசில கிடக்கு. முடிஞ்சி எண்டு எங்க எழுதோணும் எண்டு சொல்லுங்க, நாளைக்குக் காசு சேர்க்க வாற பொடியனுக்குக் காட்ட."

ஆகிலா புத்தகத்தை முதன்முதலாக அன்றுதான் திறந்தாள். இரண்டரை வீதம், மாதத்துக்கு. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, இருபத்துநாலு மாதத்துக்கு அறுபதினாயிரம். மொத்தம் ஒரு இலட்சத்து அறுபதினாயிரம். நூறு கிழமை.

யா அல்லாஹ்! நாளைக்குக் கட்டும் கிழமைக் காசு போக இன்னும் முப்பத்துநாலு கிழமை கிடக்கிறது. பத்து வயதுப் பிள்ளையும் கேட்டிருக்கும் ஒரு கேள்வியை, எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்வியை, கணக்கு டீச்சர் கேட்கவில்லை.

"என்ன டீச்சர், பிழையா?"

"இல்ல ராத்தா. சரி. முடிஞ்சிது."

"அல்ஹம்துலில்லாஹ்! அவருக்கிட்டச் சொல்லணும். செவ்வாக்கிழம ஆஸ்பத்திரிக்கு வாறன் எண்டு இண்டைக்கு வாயால சொன்னாரு டீச்சர்."

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால், அந்த மனிசனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் என்பாள் ஆகிலா. அது உண்மை. ஆனால் முழு உண்மையில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் வாய் வரவில்லை, அவ்வளவு வெட்கம்.

திங்கள் காலை, காசு சேர்க்க வரும் டிலக்சனை அவள் வீதி முடக்கிலேயே மறித்தாள். சொறிக்கல்முனைப் பொடியன், வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான். நாச்சியா தரப்போகும் ஆயிரத்தோடு சேர்க்கவேண்டிய அறுநூறை அவன் கையில் வைத்து, அந்த வீட்டில் ஒன்றும் கதைக்கவேண்டாம் என்று கெஞ்சினாள்.

"இண்டைக்கு ஓம் மிஸ். அடுத்த கிழமை நான் கேக்கத்தான் வேணும். இல்லாட்டி என்ட சம்பளத்தில வெட்டுவாங்க," என்றான் அவன்.

அதற்குள் வளையல்களை விற்றுக் கட்டிவிடலாம், ஒரு குருவிக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கும் பிழைத்தது. செவ்வாய் ஆஸ்பத்திரியில் புண்ணில் சுற்றிய துணியை அவிழ்த்தபோது கால் முழங்கால் வரை கறுத்துக் கிடந்தது. முன்னமே வந்திருக்கவேண்டும் என்றார் டொக்டர். வியாழன் விடியச் சுபஹுக்கு ஷரிபுதீன் மௌத்தாகிப்போனார்.

பகல் ளுஹர் தொழுகைக்கு முன் ஜனாஸாவை எடுக்க ஆயத்தமானார்கள். முற்றம் நிறைய ஆண்கள். உள்ளே பெண்களோடு ஆகிலா. நாச்சியா அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"கடன் இல்லாமப் போனாரு டீச்சர். அந்தச் சந்தோசம் முகத்தில தெரிஞ்சிது. நீங்க நல்லா இருக்கோணும்."

முற்றத்தில் ஷரிபுதீனின் தம்பி ஸஹீத் வழமைப்படி எழும்பி நின்றான்.

"என்ட காக்காவோட ஆருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தா இப்பவே சொல்லுங்க, நாங்க பொறுப்பு. எங்களுக்குத் தெரிய ஒண்டும் இல்ல. எஞ்ஜின் கடனும் திங்கக்கிழம முடிஞ்சி. ஆகிலா டீச்சர்தான் கணக்குப் பார்த்தவங்க."

கணக்கு ஆகிலா பார்த்தது என்றால் அதற்கு மேல் பேச்சேது? எல்லாரும் தலையாட்டினார்கள். ஜனாஸா கிடந்த சந்தூக்கின் கால்களில் நாலு பேர் கை வைத்தார்கள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால், தன் பொய்யையும் சேர்த்தே அந்த மனிசனை மண்ணுக்குள் வைப்பார்கள் என்பது ஆகிலாவுக்கு விளங்கியது. கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கடன் இருக்கு!"

தூக்கிய கைகள் நின்றன.

"ஐம்பத்துநாலாயிரத்து நானூறு ரூபா. மாசத்து இரண்டரைய வருசத்துக்கு எண்டு பிழை விட்டது நான். தெரிஞ்ச பிறகும் பொய் சொன்னது நான். இனி அந்தக் கடன் என்ட. எல்லாரும் சாட்சி."

மௌலவி, "பொறுப்பேத்துக்கிட்டாங்க. அது போதும், தூக்குங்க," என்றார். கலிமா சொல்லிக்கொண்டு ஜனாஸா படலையைத் தாண்டியது.

ஆகிலா திரும்பினாள். நாச்சியா அழவில்லை.

"மாசத்துக்கா டீச்சர், அந்த இரண்டர?"

"ஓம் ராத்தா."

"அண்டைக்கே அதச் சொல்லியிருந்தா இந்தக் கடன எடுத்தே இருக்கமாட்டம். முள் குத்தின அடுத்த நாளே அவரு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரு."

நாச்சியா எழும்பிப் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கழற்றினாள். அறுபத்தாறு கோடும் வெட்டியிருந்தன. அதன்மேல் பேனையை வைத்து ஆகிலாவிடம் நீட்டினாள்.

"மிச்ச முப்பத்திநாலையும் கீறுங்க. திங்களுக்குத் திங்கள் நீங்களே வந்து வெட்டணும். புருசன் மௌத்தாகி நான் இத்தாவுல இருக்கன், வீட்ட விட்டு எங்கயும் போகமாட்டன். பார்த்துக்கொண்டு இருப்பன்."

ஆகிலா தரையில் உட்கார்ந்து கோடு கீறத் தொடங்கினாள்.