பேசரி ஓரத்துக் காற்று

அவருடைய கட்டைவிரல் என் மூக்கின் வலது ஓரத்தில் அழுந்தியிருக்கிறது, அழுந்தியிருக்கிற வரைக்கும் சத்தமில்லை, மாஸ்க்குக்குள் காற்று ஒழுங்காக வந்து போகிறது, விரல் கொஞ்சம் தளர்ந்தால் போதும், மூக்கில் கிடக்கிற பேசரியின் ஓரமாகப் புஸ்ஸென்று பீறிட்டு நேரே கண்ணில் அடிக்கும், நான் முழித்துக்கொள்வேன், அவரும் முழித்துக்கொள்வார், கண்ணசந்துட்டேன் போலுக்கு என்பார், நீங்க தூங்குங்க அத்தான், ஒங்களுக்குத் தூக்கம் கெடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ என்பேன், மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினால் பாதி வெளியே வராது, அவர் ம் ம் என்றபடி விரலை மறுபடி வைத்துக்கொள்வார், நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதர், ஒருக்களித்துப் படுத்தால் தையல் போட்ட இடம் இழுக்கும், இருந்தும் என் பக்கம் ஒருக்களித்தே கிடப்பார், இன்னொருத்தர் கட்டைவிரலை நம்பி எத்தனை நாள் மூச்சு விடுவது என்று அப்போதே நினைத்தேன், நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன், அந்த விரலின் சூடு இப்போதும் அங்கே இருக்கிற மாதிரிதான் இருக்கிறது, தொட்டுப் பார்த்தால் இல்லை.

எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் என்றுதான் சொல்லவேண்டும், இரண்டாம் வகுப்பு, கூட்டல் கணக்கை எழுதிப்போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தது தெரியும், அப்புறம் ஒன்றும் தெரியாது, கண் திறந்தால் பிள்ளைகள் எல்லாம் வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருக்கிறார்கள், முன்பெஞ்சில் இருந்தவள் பின்னால் திரும்பி, டீச்சர் தூங்குதாவ, யாரும் பேசாதிங்க என்கிறாள், இந்த வகுப்பு மட்டும் எப்படி இத்தனை அமைதியாக இருக்கிறது என்று ஹெட்மாஸ்டர் மெச்சிக்கொண்டே எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார், அது திட்டினதைவிட மோசம், வீட்டில் வந்து சொன்னபோது அத்தான் சிரிக்கவில்லை, அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, நீ கொறட்ட விட்டேன்னா எனக்கு நிம்மதிட்டி, அது நிக்கும் பாத்தியா, அப்பந்தான் எந்திரிச்சு ஒக்காந்துருவேன் என்றார், எவ்வளவு காலமாக இப்படி உட்கார்ந்திருந்தாரோ, பொம்பளை குறட்டை விடுவதை வாய்விட்டுச் சொன்னால் எனக்கு அசிங்கமாக இருக்கும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார், நல்ல மனுஷன், கொஞ்சம் கெட்ட மனுஷனாக இருந்து முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் தலை முழுக்க வயரை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள், பரீட்சைகளில் தூங்கிப் பாஸாகிற பரீட்சை இது ஒன்றுதான், மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, அம்மா, தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு போகுது என்றார், மூச்சு நின்றுவிட்டது என்று எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தத்தில்தான் சொல்வார்கள், அதையும் சம்பந்தப்பட்டவரிடம் சொல்கிற வழக்கம் இல்லை, எனக்குச் சிரிப்பு வந்தது, அத்தானைத் திரும்பிப் பார்த்தால் முகம் வெளிறிக் கிடக்கிறது, பயப்பட ஒண்ணுமில்ல, ஒரு மிஷின் இருக்கு, காத்தை அழுத்திக் கொடுக்கும், தொண்டை அடைக்காது, ஆனா தெனமும் மாட்டணும், மாஸ்க் சரியாப் பொருந்தணும், பொருந்தலன்னா மிஷின் இருந்தும் இல்லாத மாதிரிதான், இப்படியே விட்டா என்னிக்காவது தூக்கத்துலயே போயிருவீங்க என்று அதே குரலில் சொன்னார் டாக்டர், மிஷின் வந்தது, மிஷின் வந்த சேதி அதற்கு முன்னால் ஊர் முழுக்கப் போயிருந்தது, அத்தானின் அக்கா ஆவுடை மதினியிடம் மூச்சுக்கு ஒரு மிஷின் வச்சிருக்கு என்று போனில் சொன்னேன், அது சாயங்காலத்துக்குள் ஆக்ஸிஜன் ஆகிவிட்டது, இரண்டு நாளில் ஆள் தேறாது என்று ஆகிவிட்டது, ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்துகொண்டே இருந்தார்கள், நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன், மாவுக் கையோடு வாங்க என்று கூப்பிட்டால் அவர்களுக்கு ஏமாற்றமாகப் போகிறது, என்னை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி, மனசத் தைரியமா வச்சிக்கிடுங்க என்கிறார்கள், அவரும் சரி சரி என்று தலையை ஆட்டுகிறார், யாருக்கு எதற்குத் தைரியம் வேண்டியிருக்கும் என்பது அப்போது யாருக்குத் தெரியும்.

மிஷின் கம்பெனியிலிருந்து ஜெனிட்டா என்கிற பெண் வந்தாள், தோல்பையிலிருந்து மாஸ்க்குகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினாள், முதலில் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற பெரியது, மாட்டியதும் யாரோ தலையணையை வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது, தூக்கத்திலேயே பிய்த்து எறிந்திருக்கிறேன், காலையில் அது கட்டிலுக்கடியில் சீறிக்கொண்டு கிடக்கிறது, அடுத்து மூக்குத் துவாரத்தில் சொருகுகிற குட்டி ரப்பர்கள், அவை பேசரியின் திருகாணியில் உள்ளே இடித்து ரத்தம் வந்துவிட்டது, கடைசியில் மூக்கை மட்டும் மூடுகிறது, அதுதான் என் முகத்துக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது, லேசாக இருந்தது, பயமில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம்கூட வாசிக்கலாம், ஆனால் ரப்பரின் வலது ஓரம் சரியாகப் பேசரியின்மேல் ஏறி நிற்கிறது, எட்டுக்கல் பேசரி, மாமியார் என் கல்யாணத்தன்று தன் நகைப்பெட்டியிலிருந்து எடுத்து எனக்குப் போட்டது, அன்றைக்கு ஏறியது இறங்கவே இல்லை, ஜெனிட்டா வாரை இழுத்துப் பார்த்தாள், தளர்த்திப் பார்த்தாள், சின்ன சைஸ், பெரிய சைஸ், எதை மாட்டினாலும் அந்த ஓரத்தில் காற்று வழிகிறது, டீச்சர், மூக்குத்திய மட்டும் கழத்தி வச்சிட்டீங்கன்னா இது அச்சா ஒக்காந்துரும் என்றாள், படுக்கையில மட்டும் கழத்திட்டுக் காலையில போட்டுக்கிடுங்களேன் என்றாள், அவள் கோயிலுக்குப் போகிறவள் இல்லை, சர்ச்சுக்குப் போகிறவள், வெறும் மூக்கும் வெறும் கழுத்தும் அவளுக்குச் சாதாரணம், எங்களில் பேசரி எப்போது இறங்கும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது, அதுவும் பைபாஸ் பண்ணிய மனிதரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு.

அவர்தான் பேசினார், கழத்துட்டி, அதுல என்ன இருக்கு, எல்லாம் நாம நெனைக்கிறதுதான் என்றார், வாய்தான் சொன்னது, கை சட்டைப் பித்தான்மேல் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது, ஒரு மத்தியானம் துணிந்து கழற்றினேன், தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகியதில் வந்துவிட்டது, மாஸ்க்கை மாட்டினேன், காற்று உள்ளே வந்தது, ஒரு பக்கமும் கசியவில்லை, இவ்வளவுதானா விஷயம் என்று உடம்பெல்லாம் இளகியது, கண் செருகுகிற நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து ஏட்டி, ஏட்டி என்று அவர் குரல், போய்ப் பார்த்தால் வேர்த்து ஊற்ற நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம், ஒன்றுமில்லை, வாயுப்பிடிப்பு என்றார்கள், ஒன்றுமில்லைதான், ஆனால் ஆட்டோவில் போகும்போதே நான் பேசரியைத் தடவித் தடவித் துவாரத்தைத் தேடிப் போட்டுக்கொண்டேன், அவர் அதைப் பார்த்துக்கொண்டு வந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை, படுக்கப்போகும்போது அவராகவே வந்து கட்டைவிரலை அந்த ஓரத்தில் வைத்து அழுத்தினார், சத்தம் நின்றது, இது போதும்ட்டி, இப்படியே சமாளிச்சிருவோம் என்றார், அவர் தூங்கும்வரை எனக்குத் தூக்கம், அவர் தூங்கிய பிறகு எனக்கு மூச்சு நிற்கும், பகலில் பிள்ளைகள் மறுபடியும் வாயில் விரல் வைத்துக்கொண்டு இருந்தார்கள், ஜெனிட்டா போனில், டீச்சர், ஒங்க மிஷின்ல லீக் ரொம்ப இருக்குன்னு இங்க கம்ப்யூட்டர்ல காட்டுது, மாஸ்க்க மாத்தித் தரவா என்பாள், மாத்தவேண்டியது மாஸ்க் இல்லம்மா என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொண்டு பாத்துக்கிடுதேன் என்பேன், அவருக்காக என் மூச்சை நான் விட்டுக்கொடுத்தேன், எனக்காக அவர் தூக்கத்தை விட்டுக்கொடுத்தார், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு தங்கத் துண்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

அவர் மார்க்கெட்டில் விழுந்தார், கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்றார்கள், பை நிறையக் காயோடு கொண்டுவந்து போட்டார்கள், நான் முதலில் தொட்டது அவரை இல்லை, என் மூக்கைத்தான், இருந்தது, எட்டுக்கல்லும் அதனதன் இடத்தில் இருந்தது, எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம், வீடு நிறைய ஆட்கள், மிஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டிருந்தார்கள், புருஷன் செத்த வீட்டில் அதை எடுத்து மாட்டிக்கொண்டு எப்படிப் படுப்பது, சுவரில் சாய்ந்தபடியே கண் அசரும், மூச்சு முட்டி விழித்துக்கொள்வேன், நெஞ்சு அடித்துக்கொள்ளும், அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பேன், பந்தலின் தகரம்தான் தெரியும், கனவா நினைவா, யாரோ விரலை வைத்து அழுத்துகிறார்கள், அழுத்தட்டும் என்று முகத்தைக் கொடுத்தால் ஈ.

பதினாறாம் நாள் எல்லாம் இறக்கினார்கள், பூ, பொட்டு, தாலி, பேசரிக்கு வந்தபோது என் மகள் வடிவு நடுவில் வந்து நின்றுகொண்டாள், பெங்களூரில் வேலை பார்க்கிறவள், இப்பல்லாம் யாரும் மூக்குத்தியக் கழத்துறதில்ல, அம்மா போட்டுக்கட்டும், அப்பா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க என்றாள், ஆவுடை மதினிக்கு மூக்கு வெறுமையாகிப் பல வருஷம் ஆகிறது, அவள் சண்டைக்கு வருவாள் என்று எல்லோரும் பார்த்தோம், அவள் வரவில்லை, நான் என்னத்தச் சொல்ல, காலம் மாறிப்போச்சு, அவ இஷ்டம்ட்டி என்று கையை எடுத்துக்கொண்டாள், எல்லா முகமும் என்னைப் பார்க்கின்றன, வடிவு கண்ணாலேயே வேண்டாம் என்று சொல்லும்மா என்கிறாள், நான் கழத்திருங்க மதினி என்றேன், வடிவு அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள், அம்மாவுக்கு அப்பாமேல் எவ்வளவு உயிர் என்று நினைத்திருப்பாள், மதினியும் அப்படித்தான் நினைத்து என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு எண்ணெய் விட்டுத் திருகினாள், அவருக்காகக் கழற்றச் சொன்னேனா, அந்த ஓரத்துக்காகக் கழற்றச் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை, தெரியவே வேண்டாம், தங்கம் இறங்கிய இடத்தில் வெயில் படாத வெள்ளைத் தடம் ஒன்று இருந்ததாக மதினி சொன்னாள்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது வடிவு என்னை உள்ளறையில் படுக்கவைத்தாள், கட்டிலுக்கடியிலிருந்து மிஷினை இழுத்துத் தூசி தட்டி, இதப் போட்டுக்கோம்மா, எத்தன நாளாத் தூங்கல நீ என்று மாட்டிவிட்டு விளக்கை அணைத்தாள், ரப்பர் ஒட்டியது, காற்று வந்தது, காற்று போனது, அவ்வளவுதான் தெரியும், தூங்கினேன், பட்டப்பகலில், இலைகளை எடுத்துப்போடுகிற சத்தத்துக்கு நடுவே தூங்கினேன், கனவே இல்லாமல், ஒருமுறைகூட முழிக்காமல், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித் தூங்கியதில்லை, கண் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம் இறங்கியிருக்கிறது, தலை கழுவிவிட்டது மாதிரித் தெளிந்திருக்கிறது, பசிக்கிறது, வெட்கமில்லாமல் பசிக்கிறது, கதவுக்கு வெளியே ஆவுடை மதினி யாரிடமோ, பாவம், அழுது அழுது அசந்துட்டா, எழுப்பாதிங்க என்கிறாள், வலது ஓரத்தைத் தொட்டுப் பார்க்கிறேன், ரப்பர் தோலோடு தோலாக ஒட்டியிருக்கிறது, ஒரு பொட்டுக் காற்றுக்கூட வெளியே வரவில்லை, அழுத்திப் பிடிக்க யாரும் வேண்டியிருக்கவில்லை, அப்போதுதான் அத்தனை நாள் வராத அழுகை வந்தது, மாஸ்க்கோடு அழ முடியாது, மூக்கு அடைத்துக்கொள்ளும், கழற்றி வைத்துவிட்டு அழுதேன்.